3 பழைய இஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களிலிருந்து புதிய வன்பொருளுக்கு: பொங்கல் விடுமுறையில் மாற்ற எண்ணம், ஆலோசனை தேவை

அம்பத்தூர்_சர்வர்_அறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு வாகன உதிரிபாக ஆலையின் கணினிப் பிரிவில் பணியாற்றுகிறேன். பிரிவு என்று சொல்வது பெருமைக்குத்தான். நானும் ஓர் இளைஞரும் என இருவர் மட்டுமே இருக்கிறோம். 2017-இல் வாங்கிய 3 சர்வர்கள் எங்களிடம் உள்ளன. ஒவ்வொன்றிலும் 10 கோர் கொண்ட இன்டெல் ஜியான் இ5-2630 வி4 இரண்டும், 256 ஜிபி மெமரியும் இருக்கின்றன. மூன்றும் எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகி, ஒரே சர்வரில் பல மெய்நிகர்க் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ-யின் 6.7 பதிப்பில் ஓடுகின்றன. இவற்றின் மேல் 42 விஎம்கள், அதாவது மெய்நிகர்க் கணினிகள், உள்ளன. 26 விண்டோஸ், மற்றவை லினக்ஸ். எல்லா டிஸ்க்குகளும் 1 ஜிபிபிஎஸ் ஐஸ்கஸி (நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைத் தரும் முறை) இணைப்பில் உள்ள ஒரு பழைய ஸ்டோரேஜில், விஎம்வேரின் கோப்பு முறைமையான விஎம்எஃப்எஸ்-5 வடிவில் இருக்கின்றன. உண்மையில் நிரம்பியிருப்பது 11 டிபி; அதில் ஆலையின் நிர்வாக மென்பொருளான ஈஆர்பி-யின் தரவுத்தளம் ஓடும் எஸ்க்யூஎல் சர்வர் மட்டும் 2.4 டிபி.

6.7 பதிப்பின் பொது ஆதரவு 2022 அக்டோபர் 15-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதை நிர்வாகத்திடம் மூன்று ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். இப்போது ஒரு வாடிக்கையாளரின் தகவல் பாதுகாப்புத் தணிக்கையில் அதையே குறையாக எழுதிக்கொடுத்துவிட்டதால், மூன்று ஆண்டுகள் கேட்டும் வராத பணம் மூன்று வாரத்தில் ஒப்புதலாகியிருக்கிறது.

எங்களுக்குச் சர்வர் வழங்கும் நிறுவனத்தார் தந்திருக்கும் திட்டம் இது: முதலில் பழைய 3 ஹோஸ்ட்களையும் (விஎம்களைத் தாங்கும் சர்வர்களை) இஎஸ்எக்ஸ்ஐ 8-க்கு மேம்படுத்த வேண்டும், பிறகு 32 கோர் ஏஎம்டி எபிக் சிப் ஒன்றும் 768 ஜிபி மெமரியும் கொண்ட 2 புதிய ஹோஸ்ட்களை அதே கிளஸ்டரில் (ஒன்றாக நிர்வகிக்கப்படும் ஹோஸ்ட் கூட்டத்தில்) சேர்த்து, விமோஷன் மூலம் விஎம்களை அணைக்காமலே நகர்த்திவிடலாம். ஸ்டோரேஜும் புதிதாக, முழுவதும் எஸ்எஸ்டி கொண்டதாக வருகிறது. நிர்வாகமோ, விஎம்வேரை பிராட்காம் வாங்கியபின் நிரந்தர லைசென்ஸ் இல்லாமல் ஆண்டுச் சந்தா மட்டுமே என்பதைக் கேட்டதிலிருந்து, திறமூல மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற வேறு தளத்துக்குப் போகக்கூடாதா என்று கேட்கிறது.

2026 ஜனவரி 15 வியாழன் பொங்கல். அன்று முதல் ஞாயிறு வரை நான்கு நாள்கள் ஆலை இயங்காது. ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் 11-ஆம் தேதியும் 3பி 20-ஆம் தேதியும் என்பதால், கணக்குப் பிரிவும் அந்த இடைவெளிக்குச் சம்மதித்துவிட்டது. பழையவற்றை முதலில் மேம்படுத்தும் இந்த வரிசை சரியா, 2 ஹோஸ்ட்கள் போதுமா, நான்கு நாள்கள் போதுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பழைய_ரேக் எழுதியது:

வணக்கம். உங்களுக்குத் தந்திருக்கும் திட்டத்தில் ஒரு அடிப்படைக் கோளாறு இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் விஎம் ஒன்றை இன்டெல் ஹோஸ்டிலிருந்து ஏஎம்டி ஹோஸ்டுக்கு விமோஷனில் நகர்த்த முடியாது. ஈவிசி என்னும் விஎம்வேர் வசதி ஒரே தயாரிப்பாளரின் வெவ்வேறு தலைமுறைச் சிப்களுக்கு இடையிலான வேற்றுமையை மறைப்பதற்காக உள்ளது; இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் இடையே அது பாலம் போடாது. ஆகவே அணைக்காமலே நகர்த்தலாம் என்ற வாக்குறுதி உங்கள் வன்பொருளுக்குப் பொருந்தாது. பழைய ஹோஸ்ட்களை மேம்படுத்தும் முதல் படி அந்த வாக்குறுதிக்காகவே வைக்கப்பட்டது என்பதால், அதற்கும் வேலை இல்லாமல் போகிறது.

நீங்கள் இன்டெல் சிப்பையே வாங்கினாலும் பழைய ஹோஸ்ட்களைத் தொட வேண்டியதில்லை. எல்லா ஹோஸ்ட்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விசென்டரின் 8-ஆம் பதிப்பால் இஎஸ்எக்ஸ்ஐ 6.7 ஹோஸ்ட்களையும் நிர்வகிக்க முடியும். விசென்டரின் பதிப்பு ஹோஸ்டின் பதிப்பைவிடப் பழையதாக இருக்கக்கூடாது என்பதுதான் விதி. அதோடு உங்கள் ஹோஸ்ட்கள் எஸ்டி கார்டில் பூட் ஆகின்றன. 7.0 பதிப்பிலிருந்து பூட் டிஸ்க்கின் பகுதி அமைப்பே மாறி, அதில் எழுதப்படும் அளவும் கூடியதால், எஸ்டி கார்டைத் தனித்த பூட் சாதனமாகப் பயன்படுத்துவதை விஎம்வேர் நிறுவனமே ஊக்குவிப்பதில்லை. எட்டு ஆண்டு உழைத்த எஸ்டி கார்டுகளின் மேல், இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வுபெறப்போகும் சர்வர்களில், புதிய பதிப்பை ஏற்றுவது எதற்காக என்று சர்வர் வழங்குபவர்களிடம் கேளுங்கள். அந்த மூன்றும் உங்களுடைய திரும்பும் வழி. அவற்றை இருக்கிறபடியே விட்டுவிடுங்கள்.

இத்தகைய வேலைகளில் நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுதான். ஒவ்வொரு படியையும் எழுதி, அதைச் செய்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா, திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று பக்கத்திலேயே எழுதுவேன். திரும்ப முடியாத படிகளை எல்லாம் கடைசிக்குத் தள்ளுவேன். அப்படிப் பார்த்தால் பல படிகள் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும் பின்னால் கதவைச் சாத்திவிடுபவை என்பது புரியும். விஎம்மின் ஹார்டுவேர் வெர்ஷனை (அதற்குக் காட்டப்படும் மெய்நிகர் வன்பொருளின் பதிப்பை) உயர்த்துவது அதில் முதன்மையானது. புதிய ஹோஸ்டுக்குப் போனவுடன், மேம்படுத்தலாமே என்று திரை கேட்கும். கேட்டதற்காகச் செய்துவிட்டால் அந்த விஎம் 6.7 ஹோஸ்டில் மீண்டும் எழாது. பல ஹோஸ்ட்களுக்கும் பொதுவான மெய்நிகர் சுவிட்சான டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் பயன்படுத்துபவர்களுக்கு அதன் பதிப்பை உயர்த்துவதும் அப்படியே. விசென்டர் மேம்பாடு பயமுறுத்தும் பெயராக இருந்தாலும் அவ்வளவு ஆபத்தானதல்ல. அது புதிய அப்ளையன்ஸ் (விசென்டர் ஓடும் விஎம்) ஒன்றை உருவாக்கித் தரவைப் பிரதி எடுத்துக்கொள்கிறது, பழையது அணைந்த நிலையில் அப்படியே இருக்கும்.

விஎம்வேரிலேயே தொடர்வதாக இருந்தால், ஏஎம்டி-க்கும் ஒரு நல்ல வழி உண்டு. விஎம்எஃப்எஸ்-5 டேட்டாஸ்டோரை (விஎம்களின் டிஸ்க்குகள் இருக்கும் இடத்தை) இஎஸ்எக்ஸ்ஐ 8-ஆல் படிக்கவும் எழுதவும் முடியும் என்பதால், பழைய ஸ்டோரேஜின் எல்யுஎன்களை (டிஸ்க் பகுதிகளை) புதிய ஹோஸ்ட்களுக்கும் காட்டுங்கள். விஎம்மை முறையாக அணைத்து, ஹோஸ்டை மட்டும் மாற்றி, புதிய ஹோஸ்டில் எழுப்புங்கள். டிஸ்க் இருந்த இடத்திலேயே இருப்பதால் 11 டிபி-யில் ஒரு பைட்டுகூட அப்போது நகர்வதில்லை. ஒரு விஎம்முக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு வாரம் ஓடவிட்டு, எல்லாம் சரி என்று உறுதியானபின், ஸ்டோரேஜ் விமோஷன் மூலம் புதிய ஸ்டோரேஜுக்கு, ஓடிக்கொண்டிருக்கும்போதே, பகலில்கூட நகர்த்திக்கொள்ளலாம். விஎம்எஃப்எஸ்-5 இருந்த இடத்திலேயே 6 ஆக மாறாது, புதிய டேட்டாஸ்டோர் உருவாக்கித்தான் ஆக வேண்டும் என்பதால், இந்த நகர்வு எப்படியும் தேவைப்படுவதுதான். இடையில் சிக்கல் என்றால் அணைத்து, பழைய ஹோஸ்டில் எழுப்பினால் போதும்.

7.0 பதிப்பின் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 2-இல் முடிந்துவிட்டதால் இடைநிலையாக அதில் நிற்க வேண்டாம். 8-க்கு 2027 அக்டோபர் 11 வரை இருக்கிறது. 6.x லைசென்ஸ் சாவி 8-இல் ஏற்காது என்பதையும் நிர்வாகத்துக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். ஜனவரி 15 காலையில் சொல்ல வேண்டிய செய்தி அல்ல அது.

---

கோர்_எண்ணிக்கை எழுதியது:

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன். நான் பேச விரும்புவது ஹோஸ்ட்களின் எண்ணிக்கை பற்றி மட்டும்.

தலா 32 கோர் கொண்ட 2 ஹோஸ்ட்கள் என்றால், ஒன்று படுத்துவிட்ட நாளில் உங்களிடம் எஞ்சுவது 32 கோர், 768 ஜிபி. தலா 16 கோரும் 384 ஜிபி-யும் கொண்ட 3 ஹோஸ்ட்கள் வாங்கினால், ஒன்று படுத்துவிட்ட நாளில் எஞ்சுவதும் அதே 32 கோர், அதே 768 ஜிபி. ஆனால் லைசென்ஸ் எண்ணும்போது முதல் ஏற்பாட்டில் 64 கோர், இரண்டாவதில் 48 கோர். விஎம்வேர் சந்தாவும் கோர் கணக்கு, விண்டோஸ் சர்வரும் கோர் கணக்கு. 16 கோருக்குக் குறைந்த சிப் வாங்கிப் பயனில்லை. விஎம்வேர் ஒரு சிப்புக்குக் குறைந்தது 16 கோர் என்றும், விண்டோஸ் ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர் என்றும் கணக்கிடுகின்றன. எனவே 16 என்பது மிகப் பொருத்தமான எண். ஒரு பெட்டி கூடுதலாக வாங்கும் செலவு லைசென்ஸில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று விலைப்பட்டியலோடு உட்கார்ந்து பாருங்கள். மெமரி விஷயத்தில், எபிக் 9004 வரிசையில் ஒரு சிப்புக்கு 12 மெமரி சேனல்கள் உள்ளன. 32 ஜிபி-யில் 12 எடுத்தால் சரியாக 384 ஜிபி வரும், எந்தச் சேனலும் காலியாக இருக்காது. 8 துண்டு போட்டுவிட்டு மீதியை ரிச்சி தெருவில் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

26 விண்டோஸ் விஎம்கள் என்பதால் டேட்டாசென்டர் பதிப்புதான் கட்டுப்படியாகும். ஸ்டாண்டர்டு பதிப்பில் ஒரு சர்வரின் எல்லாக் கோர்களுக்கும் ஒருமுறை லைசென்ஸ் எடுத்தால் 2 விஎம்களுக்குத்தான் உரிமை; அடுத்த இரண்டுக்கு மறுபடியும் எல்லாக் கோர்களுக்கும் எடுக்க வேண்டும். விஎம்கள் ஹோஸ்ட் விட்டு ஹோஸ்ட் தாவுமென்றால் ஒவ்வொரு ஹோஸ்டிலும் அதிகபட்சம் எத்தனை நிற்குமோ அத்தனைக்கும் எடுக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் கணக்கைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இவை எதற்கும் முன்னால், இப்போதைய பயன்பாட்டை அளந்து பாருங்கள். சாதாரண வாரத்தில் அல்ல, மாதக் கடைசியில், சம்பளமும் இருப்புக் கணக்கும் ஒன்றாக ஓடும் இரவில் அளக்க வேண்டும். சிபியு பயன்பாட்டு விழுக்காட்டோடு சிபியு ரெடி அளவையும் (விஎம் கோருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும்) எடுங்கள். ஒரு விசிபியு-வுக்கு (விஎம்முக்குக் கொடுத்த மெய்நிகர்ச் சிபியு) 5 விழுக்காட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 10-ஐத் தாண்டினால் பயனாளிக்கே மந்தம் தெரியும்.

---

அம்பத்தூர்_சர்வர்_அறை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மாதக் கடைசி வரை காத்திருந்து அளந்தேன். 60 கோர், தலா 2.2 ஜிகாஹெர்ட்ஸ், மொத்தம் 132 ஜிகாஹெர்ட்ஸில் உச்சமாக 63 வரைதான் போகிறது. மெமரி 560 ஜிபி ஒதுக்கியிருக்கிறோம். மொத்த விசிபியு 168. வியப்பு என்னவென்றால், ஈஆர்பி மெதுவாக இருக்கிறது என்று யாரோ எப்போதோ புகார் செய்ததால், அதன் செயலிச் சர்வருக்கு 16 விசிபியு கொடுத்து வைத்திருக்கிறோம். அது பயன்படுத்துவது 4-க்கும் குறைவு, சிபியு ரெடி மட்டும் 11 விழுக்காடு. அதை 6 ஆகக் குறைத்த மறுநாளே, என்ன செய்தீர்கள், வேகமாகிவிட்டதே என்று கிடங்கிலிருந்து கேட்டார்கள். புதிய சர்வர் வாங்குவதற்கு முன்பே இப்படி நடந்தது நிர்வாகத்தின் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

3 ஜிகாஹெர்ட்ஸ் அளவிலான 16 கோர் சிப் இரண்டு எஞ்சினாலும் 96 ஜிகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது, அதுவும் புதிய தலைமுறைக் கோர்கள் என்பதால் 3 ஹோஸ்ட் ஏற்பாட்டுக்கே விலை கேட்டிருக்கிறேன். இனி ப்ராக்ஸ்மாக்ஸ் பற்றிப் பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

தரமணி_இரவுப்பணி எழுதியது:

சென்ற ஆண்டு நாங்கள் விஎம்வேரிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்கு 30-க்கும் மேற்பட்ட விஎம்களை மாற்றினோம். பொதுவாக நன்றாகவே இருக்கிறது. 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து, இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டை ஒரு ஸ்டோரேஜ்போல இணைத்து, அதிலுள்ள விஎம்களைத் திரையிலிருந்தே இறக்குமதி செய்யும் வசதி உள்ளது. விசென்டர் வழியாக இணைத்தால் மிக மெதுவாக இருக்கும். ஒவ்வொரு ஹோஸ்டையும் நேரடியாக இணையுங்கள்.

நான் செய்த பிழைகளைச் சொல்கிறேன், நீங்கள் தவிர்த்துக்கொள்ளலாம். ஒரு விஎம்மில் 14 மாதத்துக்கு முன் யாரோ எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) இருந்ததை நான் பார்க்கவில்லை. பிரதி எடுக்கும் வேகம் நத்தைபோல ஆனது. இரவு 11 மணிக்குத் தொடங்கியதை விடியற்காலை 4 மணிக்கு நிறுத்திவிட்டு, பழைய விஎம்மை எழுப்பி, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். எல்லா ஸ்னாப்ஷாட்களையும் ஒரு வாரம் முன்பே நீக்கிவிடுங்கள். பெரிய ஸ்னாப்ஷாட்டை ஒன்றிணைக்கவே பல மணி நேரம் ஆகும், அது மாற்றும் இரவில் செய்யும் வேலையல்ல.

விண்டோஸில், ப்ராக்ஸ்மாக்ஸின் மெய்நிகர் வன்பொருளுக்கான விர்ட்ஐஓ டிரைவர் இல்லாமல் டிஸ்க்கை அந்த வகைக்கு மாற்றினால், பூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்ற நீலத் திரைதான் வரும். முதலில் சாட்டா வகையாக எழுப்பி, டிரைவரை நிறுவி, 1 ஜிபி அளவில் விர்ட்ஐஓ ஸ்கஸி வகை வெற்று டிஸ்க் ஒன்றைச் சேர்த்து, விண்டோஸ் அதை அடையாளம் கண்டபின் அணைத்து, உண்மையான டிஸ்க்கை அந்த வகைக்கு மாற்ற வேண்டும். விஎம்முக்குள் இருக்கும் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸைப் பழைய இடத்திலேயே நீக்கிவிட்டு வாருங்கள். இங்கே வந்தபின் அதை நீக்குவது பெரும் தொல்லை. நெட்வொர்க் கார்டு மாறுவதால் பழைய கார்டு மறைந்த சாதனமாக உள்ளே தங்கி, நிலையான ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதே முகவரியைப் புதிய கார்டுக்குக் கொடுக்கும்போது, இது வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே உள்ளது என்று விண்டோஸ் சொல்லும். டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை அகற்றுங்கள்.

லினக்ஸ் எளிது என்று நினைத்து அசட்டையாக இருந்ததில்தான் எனக்கு அதிக நேரம் போனது. ரெட்ஹேட் வகை விஎம்களில் பூட் ஆகும்போது முதலில் ஏறும் கோப்பான இனிட்ராம்எஃப்எஸ் என்பது அப்போதைய வன்பொருளுக்குத் தேவையான டிரைவர்களை மட்டும் வைத்துக் கட்டப்பட்டிருக்கும். புதிய இடத்தில் டிஸ்க் தெரியாமல் அவசரகால ஷெல்லில் போய் நின்றுவிடும். புறப்படும் முன்பே டிராகட் என்ற கருவி கொண்டு எல்லா டிரைவர்களோடும் அதை மறுபடி கட்டிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் கார்டின் பெயரும் ஈஎன்எஸ்192 என்பதிலிருந்து ஈஎன்எஸ்18 போல மாறும் என்பதால், அமைப்புக் கோப்பில் அதையும் திருத்த வேண்டும்.

உங்கள் நிலையில் நான் அதிகம் யோசிக்கும் இடம் ஸ்டோரேஜ். விஎம்எஃப்எஸ் போலப் பல ஹோஸ்ட்கள் பகிரும் கோப்பு முறைமை ப்ராக்ஸ்மாக்ஸில் உடன் வருவதில்லை. ஐஸ்கஸி ஸ்டோரேஜின் மேல் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் லினக்ஸ் முறையான எல்விஎம் அமைத்துப் பகிரலாம். ஆனால் அதில் ஸ்னாப்ஷாட் வசதி 2025 ஆகஸ்டில் வந்த 9.0 பதிப்பில்தான், அதுவும் முன்னோட்ட நிலையில் வந்திருக்கிறது. புதிய ஸ்டோரேஜை வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது வேதனை. ஸ்டோரேஜ் வாங்காமல், 3 ஹோஸ்ட்களிலும் எஸ்எஸ்டி போட்டு, அவற்றை ஒரே பொது ஸ்டோரேஜாக இணைக்கும் செஃப் அமைக்கும் வழியும் இருக்கிறது. 3 என்பது அதற்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை. ஒன்று போனால் மீண்டும் முழுப் பிரதிகளைக் கட்ட நான்காவது இல்லை என்பதையும், செஃப் போக்குவரத்துக்குத் தனியாகக் குறைந்தது 10 ஜிபிபிஎஸ் இணைப்பு வேண்டும் என்பதையும் மறவாதீர்கள். 3 ஹோஸ்ட்கள் இருப்பதால் குவோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டு) சிக்கல் உங்களுக்கு வராது. இரண்டோடு நின்றிருந்தால் மூன்றாவது ஓட்டுக்காகத் தனிச் சிறு கணினி ஒன்றைத் தேட வேண்டியிருக்கும்.

இருவர் கொண்ட குழு என்பதால் ஒன்று கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் கிளஸ்டர் விழுந்தால் அந்த இளைஞர் கட்டளை வரியில் உட்கார்ந்து எழுப்புவாரா? எழுப்புவார் என்றால் தயங்காமல் வாருங்கள். உங்கள் பேக்கப் மென்பொருள் ப்ராக்ஸ்மாக்ஸை ஏற்கிறதா என்றும் பாருங்கள். வீம் என்ற பேக்கப் மென்பொருள் 2024 ஆகஸ்டில் வந்த 12.2 பதிப்பிலிருந்து ஏற்கிறது.

---

மின்_கம்பி எழுதியது:

சர்வர் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். மாற்றம் நடக்கும் வாரங்களில் பழையதும் புதியதும் ஒன்றாக ஓடும் என்பதை யாரும் சொல்லவில்லை. இப்போதைய சுமை எவ்வளவு கிலோவாட் என்று யுபிஎஸ் திரையில் பாருங்கள், புதியவற்றின் சுமையைக் கூட்டுங்கள், பேட்டரி தாங்கும் நேரம் பாதியாகக் குறையுமா என்று கணக்கிடுங்கள். ஏசி-க்கும் இதே கணக்கு. 1 டன் ஏசி ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தைத்தான் வெளியேற்றும். ஜனவரி என்பதால் சென்னை உங்களுக்குக் கருணை காட்டும், மே மாதத்தில் இந்த வேலையை எடுத்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ரேக்கின் ஆழத்தையும் அளந்துவிடுங்கள். 800 மிமீ ரேக்கில் இப்போதைய சர்வர்கள் பல, பின்பக்கம் கதவை மூடவிடாமல் துருத்திக்கொண்டு நிற்கும். ரேக்கின் அடித்தட்டில் எதையும் வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023-இல் மிச்சாங் புயலையும் பார்த்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை.

---

பழைய_ரேக் எழுதியது:

இன்னும் சில விட்டுப்போனவை. பயனாளிகளின் உள்நுழைவைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரை நகர்த்தாதீர்கள். புதிய ஹோஸ்டில் புதிதாக ஒன்றை நிறுவி, டொமைனில் சேர்த்து, தரவு பரவியபின் எஃப்எஸ்எம்ஓ பொறுப்புகளை (ஒரு கன்ட்ரோலர் மட்டுமே வகிக்கும் பொறுப்புகளை) அதற்கு மாற்றி, பழையதை முறையாக விலக்குங்கள். நகர்த்திய பிரதி எழுந்திருக்கும்போது பழையதையும் யாரோ தவறுதலாக எழுப்பிவிட்டால், ஒரே பெயரில் இரண்டு கன்ட்ரோலர்கள் நின்று சண்டையிடும். இதற்கு விடுமுறையும் தேவையில்லை; டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் செய்யலாம். பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் ஆலையின் டிஎன்எஸ் சர்வரே அணைந்திருக்கும்போது விசென்டருக்குள் நுழைய முகவரி தெரியாமல் தவிப்பது பலருக்கு நேர்ந்திருக்கிறது. எல்லா ஹோஸ்ட்களின் ஐபி முகவரிகளையும், டொமைனைச் சாராத உள்ளூர்க் கடவுச்சொற்களையும் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு நாள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். ப்ராக்ஸ்மாக்ஸுக்குப் போவதானால் எல்லா டிஸ்க்கும் பிரதியாக வேண்டும். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 110 எம்பி; 11 டிபி-க்கு ஏறத்தாழ 28 மணி நேரம், அதுவும் எங்கும் தடுக்காமல் போனால். ஈஆர்பி-யின் 2.4 டிபி-க்கு மட்டும் 6 மணி நேரம். நான்கு நாளில் அடங்கும்தான். ஆனால் இரண்டாம் நாள் மாலை ஏதோ தவறி, மீண்டும் தொடங்க வேண்டுமென்றால் அடங்காது. ஆகவே ஈஆர்பி-யின் தரவுத்தளத்தை விஎம்மாக நகர்த்தவே வேண்டாம். புதிய இடத்தில் புதிய எஸ்க்யூஎல் சர்வர் விஎம் ஒன்றை நிறுவி, முழு பேக்கப்பை மீட்டு, லாக் ஷிப்பிங் (பழையதில் பதிவாகும் மாற்றங்களைத் தொடர்ந்து புதியதில் ஏற்றும் முறை) மூலம் சில வாரம் பின்தொடரவிடுங்கள். பொங்கலன்று கடைசி லாகை ஏற்றித் திறந்தால் போதும், அரை மணி நேர வேலை. லாகின்களும் ஜாப்களும் தரவுத்தளத்தோடு வராது, தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இந்த ஒரு விஎம்முக்கு மட்டும் திரும்பும் வழி மற்றவற்றைப் போன்றதல்ல. புதிய இடத்தில் முதல் பில் பதிவான நொடியிலிருந்து பழைய தரவுத்தளம் பழசாகிவிட்டது. மின்-விலைப்பட்டியல் எண் வெளியே போனபின் பின்வாங்கினால் கணக்கில் ஓட்டை விழும். எந்த மணிக்குள் சோதித்து முடிப்பீர்கள், எந்த மணிக்குப் பிறகு முன்னேறியே தீர்வது என்று கணக்குப் பிரிவோடு முன்பே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள்.

போகியன்று பழையதைக் கழிப்பது நம் வழக்கம்தான். பழைய சர்வர்களுக்கு மட்டும் இந்த ஆண்டு விலக்குக் கொடுத்து, ஜனவரி சம்பளம் போட்டு முடியும் வரை ரேக்கில் வைத்திருங்கள்.

---

அம்பத்தூர்_சர்வர்_அறை எழுதியது:

மீண்டும் நன்றி. திட்டத்தை முழுவதும் மாற்றி எழுதிவிட்டேன். பழைய ஹோஸ்ட்கள் 6.7-இலேயே இருக்கும். 3 புதிய ஹோஸ்ட்களும் டிசம்பர் முதல் வாரத்தில் வந்துவிடும். டொமைன் கன்ட்ரோலரும் எஸ்க்யூஎல்-இன் லாக் ஷிப்பிங்கும் டிசம்பரிலேயே, அதிகம் பயன்படாத 25 விஎம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில், மீதியும் ஈஆர்பி-யும் பொங்கலில் என்று பிரித்திருக்கிறோம். ஸ்னாப்ஷாட்களைத் தேடியதில் 9 கிடைத்தன. ஒன்று 2021-இல் எடுத்தது. யுபிஎஸ்-இல் இப்போது 2.1 கிலோவாட் காட்டுகிறது, புதியவை 1.6 சேரும், ஆகவே மாறி மாறி ஓடும் இரண்டு 1.5 டன் ஏசிகளையும் அந்த வாரங்களில் ஒன்றாக ஓடவிடச் சொல்லியிருக்கிறேன்.

தளத்தைப் பொறுத்தவரை, தரமணி நண்பர் கேட்ட கேள்வியை அந்த இளைஞரிடமே கேட்டேன். பழைய கணினி மூன்றில் ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவி, அவரே ஒரு ஹோஸ்டின் பவர் கார்டைப் பிடுங்கி, மீட்டுக் காட்டினார். இருந்தாலும் புதிய ஸ்டோரேஜுக்கு ஆர்டர் போய்விட்டதால், ஓராண்டுச் சந்தாவில் விஎம்வேர் 8-க்குப் போய், அதற்குள் சோதனைச் சூழலை மட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஒரே ஒரு விஎம் மீதம் இருக்கிறது. வடிவமைப்பு மென்பொருளின் லைசென்ஸ் சர்வர் அது. அதற்கான லைசென்ஸ் சாவியான யுஎஸ்பி டாங்கிள் ஒன்று இரண்டாவது ஹோஸ்டின் பின்பக்கம் செருகப்பட்டிருக்கிறது. அதை என்ன செய்வது?

---

தரமணி_இரவுப்பணி எழுதியது:

டாங்கிளை ஹோஸ்டிலேயே செருகினால் அந்த ஹோஸ்ட் விழுந்து, எச்ஏ என்ற தானியங்கி வசதி அந்த விஎம்மை வேறு ஹோஸ்டில் எழுப்பும்போது டாங்கிள் கூட வராது. நெட்வொர்க் வழியாக யுஎஸ்பி-யைத் தரும் சிறு பெட்டி ஒன்று வாங்கி, டாங்கிளை அதில் செருகுங்கள். விஎம் எந்த ஹோஸ்டில் எழுந்தாலும் அதைப் பார்த்துக்கொள்ளும். அந்த லைசென்ஸ் மேக் முகவரியோடும் கட்டப்பட்டிருக்கிறதா என்று மென்பொருள் தந்தவர்களிடம் டிசம்பரிலேயே கேட்டுவிடுங்கள். கட்டப்பட்டிருந்தால் பழைய மேக் முகவரியை விஎம்மின் அமைப்பில் கையால் இட வேண்டும். பொங்கலன்று அவர்களுடைய உதவி எண்ணை யாரும் எடுக்கமாட்டார்கள்.